சங்ககிரியிலிருந்து வந்த வெள்ளை

குன்னூரிலிருந்து காட்டேரிக்குப் போகிற சாலையில், தேயிலைக் காட்டைத் தாண்டி ஓர் இறக்கத்தில், தகரக் கூரை போட்ட சின்ன பெயின்ட் கம்பெனி ஒன்று இருக்கிறது. மலையின் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்காத பெயின்ட் என்று சொல்லி விற்கிறார்கள். அங்கே ‘பவுடர் ரூம்’ என்று ஓர் அறை, வடக்குப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல், அந்த ஜன்னலடியில் ஒரு கண்ணாடிப் பலகை. பலகைக்கு முன்னால் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக உட்கார்ந்து வெள்ளை பார்த்தவள் ஜெஸிந்தா.

வெள்ளை பார்ப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் உண்டு. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பிக்கொண்டு போகிறவர்களுக்கு அது வேலையாகத் தெரியாதுதான். ஆனால் பெயின்ட் என்பது என்ன? சுவரை மறைக்கிற நல்ல வெள்ளை டைட்டானியம். அதை மட்டுமே போட்டு டப்பாவை நிரப்பினால், சுவருக்கு அடிக்கிறவன் அந்த வீட்டையே விற்க வேண்டியிருக்கும். ஆகவே கல்லை அரைத்து மாவாக்கி அதோடு கலக்கிறார்கள். கால்சைட் பவுடர் என்று பெயர். பேப்பரில் அது இருக்கிறது, பல்பசையில் இருக்கிறது, வீட்டுப் பிளாஸ்டிக் குழாயில் இருக்கிறது. எங்கேயும் அதன் பெயரை யாரும் எழுதுவதில்லை. இடத்தை அடைத்துக்கொண்டு, சத்தம் போடாமல், வெள்ளையாக இருக்க வேண்டும். அதுதான் அதன் உத்தியோகம். கல்லில் கொஞ்சம் இரும்புச் சத்து ஏறி மாவு பழுப்படித்தால் போதும், போட்ட டைட்டானியமும் வீண். பழுப்பாக ஒரு பல்பசையை வாயில் வைக்க எவன் சம்மதிப்பான்?

லாரி வந்ததும் மூட்டையில் குத்தூசி போட்டு மாவு எடுப்பாள். கண்ணாடிப் பலகையில் கொட்டி, தட்டைக் கத்தியால் வழித்துச் சமன் செய்வாள். பக்கத்தில், ஒப்பிட்டுப் பார்க்கவென்று எடுத்து வைத்த நல்ல மாவின் மாதிரி பாட்டிலில் இருந்து ஒரு சிட்டிகை. இரண்டின் மேலும் ஒரு சொட்டு எண்ணெய். உலர்ந்திருக்கும்போது எல்லா மாவும் வெள்ளைதான். எண்ணெய் பட்டால்தான் அதன் குணம் வெளியே வரும். மஞ்சள் ஓடினால் லாரி திரும்பிப் போகும். இதற்கு மிஷின் உண்டு, பட்டணத்துக் கம்பெனிகளில் வைத்திருக்கிறார்கள். “ஜெஸிந்தா கண்ணு இருக்கறப்ப மிஷினு எதுக்குங்க?” என்று பழைய முதலாளி சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டினார். அவர் போய் மகன் வசந்த்குமார் வந்த பிறகும் அந்தப் பேச்சு அப்படியே நின்றது. அவளுக்கும் அதில் ஒரு பெருமை. பெருமைப்பட வேறொன்றும் பெரிதாக இல்லாதவளுக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

அவளுடைய அப்பா பந்தலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கிளார்க்காக இருந்தவர். அவர் இறந்த பிறகு, படுத்த படுக்கையான அம்மாவைக் கூட்டிக்கொண்டு குன்னூருக்கு வந்தாள். தங்கை எல்சா கல்யாணம் முடித்து பெங்களூர் போனாள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி வேண்டும், அந்த ஒருத்தி யார் என்று வீட்டில் யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. மூத்தவள் அவள், வீட்டில் இருந்தாள், அவ்வளவுதான். அம்மா கண்ணை மூடியபோது இவளுக்கு நாற்பத்தைந்து தாண்டியிருந்தது. மாடியில் ஓர் அறையும் சமையலறையும் உள்ள வாடகை வீடு. ஒற்றை ஆளுக்குச் சமைப்பதைப் போல அலுப்பான வேலை உலகத்தில் வேறு இல்லை. பாதி நாள் வர்க்கியும் டீயும்தான் ராத்திரிச் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் நாலு பேர் “நல்லா இருக்கீங்களா?” என்பார்கள். பதிலை நின்று கேட்கிறவர்கள் குறைவு. மழைக்காலத்து ஞாயிறுகளில் கோவிலுக்கும் போகாமல் இருந்துவிட்டால், திங்கட்கிழமை காலையில் கம்பெனி வாட்ச்மேனிடம் பேசும்போது குரல் கரகரவென்று வரும். தொண்டை இருமலென்று சொல்லிச் சமாளிப்பாள். இருமலெல்லாம் ஒன்றுமில்லை, பேசாத தொண்டை.

அவளுக்கென்று இருந்த பேச்சு செவ்வாய்க்கிழமையில் இருந்தது.

பவுடர் வருவது சங்ககிரிப் பக்கத்து அரவை மில்லிலிருந்து. அங்கே லோடு ஏற்றி அனுப்புகிற பொறுப்பு சுப்பண்ணன் என்பவருக்கு. லாரி கிளம்பியதும் போன் செய்வார். முதல் வருஷம், “லோடு கெளம்பிருச்சுங்க மேடம்” என்பதோடு சரி. பிறகு “மலையில மழைங்களா?” என்று ஒரு கேள்வி சேர்ந்தது. பிறகு மேடம் போய் அம்மிணி வந்தது. எட்டு வருஷத்தில் அந்த போன் வளர்ந்து, மதியம் சாப்பிட்ட கை காய்கிற வரைக்கும் நீண்டது. அவர் மூட்டு வலியைச் சொல்வார். கிணறு வற்றியதைச் சொல்வார். பேரனுக்குக் காது குத்தியதைச் சொல்வார். அவள் மேகம் இறங்கியதைச் சொல்வாள், காட்டெருமை கம்பெனி கேட் வரைக்கும் வந்து நின்றதைச் சொல்வாள். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றியதும் இல்லை.

“ஏனுங் அம்மிணி, அந்தக் காட்டெரும நம்ம பவுடரத் திங்குமுங்களா?” என்று அவர் ஒரு தரம் கேட்டார்.

“திங்க வந்தா பவுடருல மாதிரி எடுத்து வச்சுட்டுத்தானுங்ணா திங்க விடுவேன்” என்றாள். அவர் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. இரண்டு நாள் அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்துத் தனியாகச் சிரித்தாள்.

அவர் பேசும்போது பின்னால் வீட்டுச் சத்தமோ மில் சத்தமோ ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கும். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று நிறைந்த வீடு அவருக்கு. அவ்வளவு ஆட்களுக்கு நடுவில் தனக்கென்று நேரம் ஒதுக்குகிறாரே என்று அவளுக்கு அவர்மேல் ஒரு மரியாதை. கொஞ்சம் பொறாமையும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மழை முடிந்த சமயத்தில், வந்த பவுடர் மஞ்சளடித்தது.

முதலில் அவளே நம்பவில்லை. சங்ககிரி மாவில் மஞ்சளா? மாதிரி பாட்டிலை அவள் திறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு பாட்டில் எதற்கு, கண்ணிலேயே மாதிரி இருக்கிறது என்ற நினைப்பு. இப்போது திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பாட்டில் மாவும் மஞ்சள். ‘மலை ஈரம் குடித்து மாதிரியும் பழுத்துவிட்டது’ என்று முடிவு கட்டி, அதைக் குப்பைக் கூடையில் கொட்டினாள். மலையில் ஈரத்தின் மேல் பழி போடாத பொருள் கிடையாது. உப்பு கசிந்தால் ஈரம், செருப்பு பூத்தால் ஈரம், தீக்குச்சி எரியாவிட்டால் ஈரம். இதையும் அந்தக் கணக்கில் சேர்த்தாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். ஆடத் தெரிந்தவள் சொன்னால் ஊரே கூடத்தை இடித்துக் கட்டும்.

லாரி திரும்பிப் போயிற்று. லாரி ஓட்டி வந்த கதிர் தலையில் கை வைத்துக்கொண்டான். “ஏனுங்கக்கா, பர்லியார் மலை வளைவுல ஃபுல் லோடோட எறங்கறது எப்படின்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?” என்றான். அவள் அசையவில்லை. அடுத்த லோடும் மஞ்சள். அதற்கடுத்ததும் மஞ்சள்.

“கல்லு அதே கல்லுத்தானுங் அம்மிணி. என்ற கண்ணு முன்னால பொறுக்கிப் போட்டதுங்க” என்று சுப்பண்ணன் போனில் கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

“மஞ்சளா இருக்குதுங்ணா. நான் என்ன பண்ணட்டும்? இப்பெல்லாம் எதைத் தொட்டாலும் இப்படித்தானுங்க. துணி மஞ்சளடிக்குது, ரெண்டு பங்கு நீலம் போட்டு அலசுறேன். பாலு மஞ்சளா இருக்குது. பனி எறங்குனா அதுகூடப் பழுப்பாத் தெரியுது. காத்தே கெட்டுப்போச்சுங்க.”

“பனியுமுங்களா?” என்று கேட்டார். பிறகு, “அப்படிங்களா” என்றார். “சரிங் அம்மிணி. அடுத்த லோடு நல்லா இருக்கும். நான் பாத்துக்கறேன்.”

அடுத்த லோடு நன்றாக இருந்தது. எண்ணெய் பட்டும் வெள்ளை, எவ்வளவு நாளாயிற்று இப்படிப் பார்த்து! அவளே போன் போட்டு, “இப்பத்தானுங்ணா உங்க பவுடரு உங்க பவுடராட்டம் இருக்குது” என்றாள். அவர் சந்தோஷம் என்றார். எப்போதும் போலச் சிரிக்கவில்லை. லோடு தடையில்லாமல் வந்துகொண்டிருந்தது, செவ்வாய்க்கிழமைகளும் வந்துகொண்டிருந்தன. பெயின்ட் கலக்குகிற இடத்திலிருந்து ஒரு நாள் மேஸ்திரி வந்து, “அக்கா, வெள்ளையில லேசா நீலம் அடிக்கறாப்பல இருக்குதுங்களே” என்றார். “டியூப்லைட்ட மாத்துங்க” என்றாள். அவள் சொன்னால் அதற்கு மேல் பேச்சு ஏது? அவர் டியூப்லைட்டை மாற்றினார்.

ஊட்டியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பெயின்ட் போனது. நீளமான சுவர். முதலில் பழைய டப்பாக்களை அடித்தார்கள், தீர்ந்ததும் புதியதை அடித்தார்கள். மேகம் விலகி வெயில் வந்தபோது பாதிச் சுவர் பாலாகவும் பாதிச் சுவர் நீலம் ஓடிய நீர்மோராகவும் நின்றது. பள்ளிக்கூடத்துக்காரர்கள் படம் எடுத்து அனுப்பினார்கள். வசந்த்குமார் பவுடரைக் கோயமுத்தூருக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார். வந்த பதில் எளிமையாக இருந்தது: மாவில் நீலம் கலந்திருக்கிறது. சுண்ணாம்பு அடிக்கும்போது பழுப்பு தெரியாமலிருக்க வீடுகளில் போடுகிற அதே நீலம். மூட்டையில் இருக்கும்போது அது அடங்கிக் கிடக்கும். மிஷினில் பெயின்ட் அரைபட அரைபட நிறத்தைக் கக்கிவிடும்.

வசந்த்குமார் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மில் முதலாளி போனில் இருந்தார், எல்லோருக்கும் கேட்கிறபடி ஸ்பீக்கரில் போட்டிருந்தது.

“அக்கா, நீங்க எப்படிங்க இதைப் பாஸ் பண்ணுனீங்க?” வசந்த்குமார் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

எட்டு வருஷம். மூட்டு வலியும் கிணறும் காது குத்தும். அதெல்லாம் இதற்குத்தானா? பழகிப் பழகிக் கண்ணை மறைத்திருக்கிறாரா?

“ஏமாத்திட்டாருங்க தம்பி” என்றாள். “அண்ணா அண்ணான்னு கூப்பிட்டேன். திருடனுங்க அவரு.”

அந்த வார்த்தை போன் வழியாகச் சங்ககிரிக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாளே சுப்பண்ணனை மில்லிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலம் அவர் நம்பரிலிருந்து அவளுக்கு போன் வந்தது. அவள் எடுக்கவில்லை. முழுதாக அடித்து நின்று, மறுபடியும் ஒரு தடவை அடித்தது. அதற்குப் பிறகு வரவில்லை. மில்லில் கொடுத்த நம்பர் அது; மில்லோடு போய்விட்டது.

புதிதாக வந்தவர் போன் செய்வதில்லை. செவ்வாய்க்கிழமை வாட்ஸப்பில் லாரியின் படம் வரும், கீழே ‘லோடட்’ என்று ஒரு வார்த்தை. ஒரு செவ்வாய்க்கிழமை அவள் மனசு கேட்காமல், ‘அங்க மழைங்களா?’ என்று எழுதி அனுப்பினாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. மழை பெய்ததா இல்லையா என்று இன்றுவரைக்கும் தெரியவில்லை.

அந்த மாதங்கள் அவளுக்கு எப்படிப் போயின என்று சொல்வது கஷ்டம். திருடனை நம்பினோமே என்று கோபப்படுவாள். கோபம் ஆறினால், பேச ஆளில்லையே என்றிருக்கும். அதனால் கோபத்தை ஆறவிடாமல் பார்த்துக்கொண்டாள். காட்டெருமை மறுபடி கேட்டுக்கு வந்தது, கன்றோடு. ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, சொல்ல ஆளில்லாமல் உட்கார்ந்து எண்ணெய்ச் சொட்டு விட்டாள். வந்த பவுடரெல்லாம் மஞ்சளாகத்தான் தெரிந்தது. ஆனால் இப்போது லாரியைத் திருப்பி அனுப்பத் தைரியம் இல்லை. வசந்த்குமாரும் மிஷினுக்குச் சொல்லி வைத்துவிட்டார், அது வருகிற வரைக்கும் கோயமுத்தூருக்கே மாதிரி போய் வந்துகொண்டிருந்தது. இவள் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

கோவில் மண்டபத்தில் கண் முகாம் நடந்தது. மாடிப்படியில் கடைசிப் படி தெரியாமல் கால் இடறி விழுந்திருந்ததால், கண்ணாடி மாற்றலாம் என்று போனாள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

“ரெண்டு கண்ணுலயும் புரைம்மா. நல்லாப் பழுத்துருச்சு. பாக்கறதெல்லாம் மஞ்சளாத் தெரியுமே, உங்களுக்குத் தெரியலையா?”

“ஈரமுன்னு நெனச்சேனுங்க” என்றாள். அவருக்கு அது விளங்கவில்லை.

கோயமுத்தூரில் முதலில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன். தனியாகப் பஸ் ஏறிப் போனாள். “கூட யார் வந்திருக்காங்க?” என்று நர்ஸ் கேட்டபோது திரும்பிப் பார்த்தாள், பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்பது போல. பக்கத்துப் படுக்கைக்காரரின் மகள் பாவப்பட்டு, “என்ற பேர எழுதிக்குங்க, நான் பாத்துக்கறேன்” என்றாள். எல்சாவுக்குச் சொல்லியிருக்கலாம். பேத்திக்குப் பரீட்சை என்று போன வாரம்தான் சொன்னாள், அவளை ஏன் அலைக்கழிப்பது?

கட்டுப் பிரித்ததும் முதலில் பார்த்தது படுக்கை விரிப்பை. சாதாரண ஆஸ்பத்திரித் துணிதான். அதன் வெள்ளையில் கண் கூசியது. செய்யாத கண்ணால் பார்த்தாள்: டீ சிந்திய துணி போல மஞ்சள். செய்த கண்ணால் பார்த்தாள்: வெள்ளை. ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணைத் திறந்து, மாற்றி மாற்றி, பைத்தியம் மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவளுடைய வெள்ளைத் துணிகளெல்லாம் நீலம். கோவிலுக்குப் போட்டுக்கொண்டு போகிற முக்காடு, தலையணை உறை, துண்டு, எல்லாம் நீலம். இரண்டு பங்கு, மூன்று பங்கு என்று போட்டு அலசியதெல்லாம் ஏறி உட்கார்ந்திருந்தது. இந்த நீல முக்காட்டைப் போட்டுக்கொண்டு ஒரு வருஷமாக எல்லோருக்கும் முன்னால் நற்கருணை வாங்கப் போயிருக்கிறாள். அத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள். ‘ஏன் ஜெஸிந்தா, நீலம் கூடிப்போச்சே’ என்று ஒருத்தி சொல்லவில்லை. சொல்கிற அளவுக்கு ஒருத்தியும் பக்கத்தில் இல்லை. கண் போனதைவிட அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

நீலத் துணியைக் கையில் வைத்திருக்கும்போதே பவுடர் ஞாபகம் வந்தது.

லீவு முடியுமுன்பே கம்பெனிக்குப் போனாள். திருப்பி அனுப்பிய மூன்று லோடிலும் எடுத்த மாவு, பொட்டலம் பொட்டலமாக பவுடர் ரூமில் இருந்தது. கண்ணாடிப் பலகையில் வரிசையாகக் கொட்டி, வழித்து, எண்ணெய் விட்டாள். வடக்கு ஜன்னலில் மேகம் இல்லாத நல்ல வெளிச்சம். ஆபரேஷன் செய்த கண்ணுக்கு மூன்றும் வெள்ளை. மஞ்சள் ஒரு நூல்கூட இல்லை. கடைசியாக, அவளே மெச்சிப் போன் போட்டுப் பாராட்டிய லோடின் மாவைக் கொட்டினாள். எண்ணெய் பட்டதும் அது நீலமாக ஊறியது, குழந்தைகூடச் சொல்லிவிடும்.

நல்ல மாவைக் கெட்டது என்றாள். கெட்டதை நல்லது என்றாள். நடுவில் இருந்த மனிதரைத் திருடன் என்றாள்.

வசந்த்குமாரிடம் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். இனி பவுடர் ரூம் தனக்கில்லை என்று தெரிந்தேதான் சொன்னாள். அவர் நல்லவர். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

“அதான் மிஷினு வருதேக்கா. நீங்க பில்லிங்ல உட்காந்துக்குங்க. முடிஞ்சு போனத இப்பக் கிண்டி என்னங்க ஆகப்போகுது?”

“அவருக்குப் போன வேலைங்க, தம்பி. நீங்க மில்லுக்காரருக்கு போன் போடுங்க. தப்பு என்ற கண்ணுலன்னு நானே சொல்றேன்.”

அவள் எழுந்து போகிற மாதிரி இல்லை என்று தெரிந்ததும் போன் போட்டார். மில் முதலாளி முழுதும் கேட்டார். பிறகு, “உங்க கண்ணு சரியில்லீன்னா அதுக்கு நான் வருத்தப்படறேனுங்க. ஆனா நீலம் கலந்தது கலந்ததுதானுங்களே? என்ற மில்லுப் பேரு கெட்டுப்போச்சுங்களே?” என்றார். நியாயம்தான். சுப்பண்ணன் கலந்தார், யாரும் அவர் கையைப் பிடித்துக் கலக்கச் சொல்லவில்லை. ஆனால் ஏன் கலந்தார்? லோடு திரும்பியதில் முதலாளி திட்டியிருப்பார், பயந்து கலந்திருப்பார் என்றுதான் அவள் நினைத்தாள். அப்படியென்றாலும் பயமுறுத்தியது தன் கண்தானே.

பவுடர் இறக்க வந்த கதிரிடம் சுப்பண்ணன் எங்கே என்று கேட்டாள். அவன் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, “இப்ப ஒரு ஜவ்வரிசி மில்லுல வாட்ச்மேனா இருக்கறாருங்க” என்று சொல்லி நம்பரைக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து, ஜெபம் சொல்லி, டீ போட்டு, அதைக் குடிக்காமல் ஆறவிட்டு, கடைசியில் போனை எடுத்தாள். அந்தப் பக்கம் ஹலோ என்ற குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது.

“அண்ணா” என்றாள்.

“அம்மிணிங்களா? மலையில மழைங்களா?”

அவள் குரல் கரகரத்தது. இந்தத் தடவை பேசாத தொண்டை இல்லை. “கண்ணு ஆபரேஷன் பண்ணியிருக்குதுங்ணா. புரையாம்.”

“பண்ணிட்டீங்களா! நல்லதுங்க, நல்லதுங்க” என்றார், ரொம்ப நாள் காத்திருந்த சேதி வந்தவர் மாதிரி. “சொட்டு மருந்து யாருங்க ஊத்தி உடறாங்க?”

“நானேதானுங்க. கண்ணாடி முன்னால நின்னு.”

ஆறிப்போன டீயை அவள் தள்ளி வைத்தாள்.

“நான் உங்களத் திருடன்னு சொல்லிப்போட்டேனுங்ணா.”

“தெரியுமுங்க. மொதலாளி சொன்னாரு.”

“பவுடரு நல்லாத்தான் இருந்துருக்குது. என்ற கண்ணுதான் கெட்டுக் கெடந்துருக்குது. நீங்க பயந்துட்டு நீலம் கலந்திருக்கீங்க. என்னாலதானுங்க…”

“பயந்துட்டு இல்லீங் அம்மிணி.” அவர் குறுக்கிட்டார். “பனி பழுப்பாத் தெரியுதுன்னு சொன்னீங்க பாருங்க, அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க. எங்க அய்யனுக்கும் இப்படித்தான் ஆச்சு. வெள்ளாட்டுப் பாலக் குடுத்தா, மஞ்சத்தூளு போட்டயான்னு சண்டைக்கு வருவாருங்க.”

அவள் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்து, மூட்டை மூட்டையாக நீலத்தைக் கலந்து, தன் பெயரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார்.

“தெரிஞ்சுமா? அப்பறம் ஏனுங்ணா சொல்லல? கண்ணக் காட்டு அம்மிணின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் காட்டியிருப்பனே. உங்க வேலை போயிருக்காதே!”

“சொல்லோணும்னுதானுங்க நெனச்சேன். ஒவ்வொரு செவ்வாக்கெழமையும் நெனச்சேன்.” ஜவ்வரிசி மில்லில் ஏதோ ஒரு மோட்டார் ஓடி நின்றது. “கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா உங்க கம்பெனியில மிஷினு வாங்கிப்போடுவாங்க. மிஷினு வந்தா உங்களுக்கு நான் எதுக்குங்க போன் பண்றது? என்ற சம்சாரம் போனதுக்கப்பறம் எங்கூட்டுல ஆளுங்க நெறையத்தானுங்க. வாங்க, உக்காருங்கன்னு எங்கிட்டப் பேசறதுக்கு ஒருத்தருமில்லீங்க. அந்த ஒரு போனுதானுங்க.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டும் சத்தம் வெளியே வந்துவிட்டது.

“அம்மிணி, அழுவாதீங்க” என்றார் சுப்பண்ணன். “பண்ணுன கண்ணுல தண்ணி படக்கூடாதுங்க.”